பறவை வளர்க்க ஆசையா? முதலில் அமானிதத்தை அறிந்துகொள்ளுங்கள்

 

 

பரீட்சை முடிந்து விடுமுறை தொடங்கியதும் பல வீடுகளில் ஒரு கோரிக்கை எழும். "அத்தா, ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ் வாங்கித் தாங்க" என்று பிள்ளைகள் கேட்பார்கள். சில நூறு ரூபாயில் முடிகிற விஷயம் என்று பெற்றோரும் சம்மதித்துவிடுவார்கள். பள்ளிக்கூடம் திறந்த பிறகு அந்தப் பறவைகளின் நிலை என்ன? அந்தக் கூண்டுக்கு நாளை மறுமையில் பதில் சொல்லப்போவது யார்? பறவை வளர்க்க விரும்பும் இளைஞர்கள் வாங்குவதற்கு முன்பே அறிந்துகொள்ள வேண்டியவற்றை மார்க்கத்தின் வெளிச்சத்தில் பார்ப்போம்.

அபூ உமைரின் குருவி

அனஸ் பின் மாலிக் (ரலி) அவர்களுக்கு அபூ உமைர் என்று ஒரு தம்பி இருந்தார். உம்மு சுலைம் (ரலி), அபூ தல்ஹா (ரலி) தம்பதியின் மகன். பால்குடி மறந்த வயதுடைய சின்னஞ்சிறு பிள்ளை. அவரிடம் நுஃகைர் என்று அழைக்கப்பட்ட ஒரு சிறு குருவி இருந்தது. அதை வைத்து அவர் விளையாடிக்கொண்டிருப்பார். நபி (ஸல்) அவர்கள் அந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்தச் சிறுவரைக் குன்யத்துப் பெயரிட்டு அழைத்து, உன் குருவி என்ன ஆயிற்று என்று அன்போடு விசாரிப்பார்கள். இந்தச் செய்தி புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. குருவி இறந்துபோய் அபூ உமைர் சோகமாக இருந்ததைக் கண்டபோது நபியவர்கள் அப்படிக் கேட்டார்கள் என்று அபூதாவூதில் இடம்பெற்றுள்ளது.

சிந்தித்துப் பாருங்கள். மதீனாவின் ஆட்சித் தலைவர், வஹீ இறங்கும் இறைத்தூதர், ஒரு குழந்தையிடம் அதன் குருவியைப் பற்றிக் கேட்கிறார்கள். அந்தக் குழந்தையின் துக்கத்தை அற்பமாக எண்ணவில்லை. இந்த ஒரே ஹதீஸிலிருந்து அறுபது படிப்பினைகளை எடுத்துத் தனி நூலாகவே எழுதினார் இப்னுல் காஸ் என்ற ஷாஃபிஈ மத்ஹப் அறிஞர். அவற்றை இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள் தம் ஃபத்ஹுல் பாரியில் சுருக்கித் தந்திருக்கிறார்கள். சிறுவர்கள் பறவை வைத்து விளையாடலாம், பறவையைக் கூண்டில் வைக்கலாம் என்பன அந்தப் படிப்பினைகளில் அடங்கும்.

இப்னு ஸுபைர் (ரலி) அவர்கள் மக்காவில் இருந்த காலத்தில் நபித்தோழர்கள் கூண்டுகளில் பறவைகளை எடுத்துச் செல்வார்கள் என்ற செய்தியும் இமாம் புகாரீ அவர்களின் அல்அதபுல் முஃப்ரதில் பதிவாகியுள்ளது. ஆகவே பறவை வளர்ப்பது கூடுமா என்ற கேள்விக்கு, கூடும் என்பதே மார்க்க அறிஞர்களின் பதில். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அதன் உரிமைகளை நிறைவேற்ற வேண்டும். நம்மில் பலர் "கூடும்" என்ற சொல்லோடு காதை மூடிக்கொள்கிறோம். நிபந்தனை காதில் விழுவதில்லை.

கதவை மூடும்போது என்ன நடக்கிறது?

அல்லாஹ்வின் மீது சரியான முறையில் தவக்குல் வைப்பவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் பறவையையே உதாரணமாகக் காட்டினார்கள். அது காலையில் வெறும் வயிற்றோடு கூட்டை விட்டுப் புறப்படுகிறது. மாலையில் வயிறு நிரம்பித் திரும்புகிறது. திர்மிதீயில் வரும் இந்த ஹதீஸைப் பல ஜும்ஆக்களில் கேட்டிருப்பீர்கள்.

இதில் பறவை வளர்ப்பவருக்கு ஒரு பாடம் இருக்கிறது. அந்தப் பறவை புறப்பட்டுப் போகிறது. தேடுகிறது. அது தேடிச் செல்லும் இடத்தில் அல்லாஹ் ரிஸ்க்கை வைத்திருக்கிறான். நீங்கள் கூண்டுக் கதவை மூடும்போது அந்தப் புறப்பாட்டை நிறுத்திவிடுகிறீர்கள். தண்ணீர் தீர்ந்தால் அது குளத்துக்குப் போக முடியாது. வெயில் அடித்தால் மரக்கிளைக்கு மாற முடியாது. பூனை வந்தால் பறந்து தப்ப முடியாது. உணவளிப்பவன் அல்லாஹ்தான். ஆனால் அந்த உணவு போய்ச் சேரும் ஒரே வழியாக இப்போது உங்கள் கை ஆகிவிட்டது. அமானிதம் என்றால் இதுதான்.

ஒரு பெண் பூனையைக் கட்டி வைத்துச் சாகவிட்டதால் நரகம் புகுந்த சம்பவத்தை நாம் அனைவரும் அறிவோம். புகாரீ, முஸ்லிமில் உள்ள அந்த ஹதீஸில் அவள் மீது இரண்டு குற்றங்கள் சொல்லப்படுகின்றன. அதற்கு அவள் உணவும் தண்ணீரும் கொடுக்கவில்லை. பூமியிலுள்ள பூச்சி புழுக்களைத் தானே தேடித் தின்னட்டும் என்று அவிழ்த்து விடவும் இல்லை. அவள் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பராமரிப்பது. இன்னொன்று, விட்டுவிடுவது. இரண்டையும் அடைத்தாள்.

இப்போது உங்கள் ஆசைக்கு வருவோம். கடையில் விற்கும் பட்ஜிக்குப் பூர்விகம் ஆஸ்திரேலியாவின் வறண்ட சமவெளிகள். நம் ஊரில் விற்கப்படுபவை தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் பிறந்தவை. இரை தேடவோ, காக்கைக்கும் பருந்துக்கும் தப்பவோ பழகாதவை. அலுத்துப்போய் நீங்கள் ஜன்னலைத் திறந்துவிட்டால் அது விடுதலை ஆகாது. பெரும்பாலும் ஓரிரு நாளில் பசியாலோ காக்கையின் அலகாலோ முடிந்துபோகும். அந்தப் பூனையின் எஜமானிக்கு இருந்த இரண்டாவது வழி உங்களுக்குக் கிடையாது. பராமரிப்பு என்ற ஒரே வழிதான் உண்டு. நன்கு கவனித்தால் பட்ஜி 5 முதல் 10 ஆண்டு வரை வாழும். காக்டெயில் 15 ஆண்டையும் தாண்டும். இன்று 14 வயதில் வாங்கும் காக்டெயில் உங்கள் நிகாஹ் நாளிலும் உயிரோடு இருக்கக்கூடும். அத்தனை ஆண்டுக்கும் சேர்த்து நிய்யத் வையுங்கள்.

எந்தப் பறவையை வாங்கலாம்?

இந்தியாவில் வாழ்பவர்கள் கவனிக்க வேண்டிய முதல் விஷயம் இது. பச்சைக்கிளி, பெரிய பச்சைக்கிளி, மைனா, சில்லை போன்ற நம் நாட்டுக் காட்டுப் பறவைகளைப் பிடிப்பதும், விற்பதும், வீட்டில் வைத்திருப்பதும் 1972 ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சிறைத் தண்டனைக்கும் அபராதத்துக்கும் இடமுண்டு. "எங்க வீட்டுல காலங்காலமா கிளி வளர்க்கிறோம்" என்பது சட்டத்தில் செல்லாது. மக்களின் நலனுக்காக இடப்பட்ட, மார்க்கத்துக்கு முரணில்லாத சட்டத்தை மதிப்பது முஸ்லிமின் கடமை.

சட்டத்தை விட்டுவிட்டு மார்க்கத்தின் கண்ணோட்டத்தில் பார்த்தாலும் இந்தக் கிளிகள் எப்படிக் கடைக்கு வருகின்றன? மரப்பொந்தில் கைவிட்டு, இறகு முளைக்காத குஞ்சுகளைத் தாயிடமிருந்து எடுத்து வருகிறார்கள். வழியிலேயே பல செத்துப்போகும். அப்துல்லாஹ் பின் மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு சம்பவம் அபூதாவூதில் உள்ளது. ஒரு பயணத்தில் தோழர்கள் ஹும்மரா என்ற சிறு பறவையின் இரண்டு குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய்ப்பறவை வந்து சிறகை விரித்துத் தவித்தது. இதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், குஞ்சுகளைப் பறித்து இதைத் துன்புறுத்தியது யார் என்று கேட்டு, அவற்றைத் திருப்பிக் கொடுக்குமாறு கட்டளையிட்டார்கள். பொந்திலிருந்து எடுத்த கிளிக்குஞ்சைக் காசு கொடுத்து வாங்குபவர் அந்தத் தாயின் தவிப்பில் பங்கு வாங்குகிறார். மரத்திலிருந்து விழுந்த குஞ்சு உங்கள் கையில் கிடைத்தால், கூடு எட்டும் உயரத்தில் இருந்தால் அதிலேயே வைத்துவிடுங்கள். முடியாவிட்டால் வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

நன்மையை நாடிக் கூண்டுப் பறவைகளை விலைக்கு வாங்கிப் பறக்கவிடுபவர்களும் இருக்கிறார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் வாங்க ஆள் இருப்பதால் வேடன் மறுநாள் மேலும் பத்துப் பறவைகளுக்கு வலை விரிப்பான். அந்தப் பணத்தில் ஒரு ஏழை வீட்டுக்கு அரிசி வாங்கிக் கொடுங்கள்.

அப்படியானால் எதை வளர்க்கலாம்? கூண்டிலேயே இனப்பெருக்கம் செய்யப்படும் வெளிநாட்டு வகைகளை வளர்க்கலாம். பட்ஜி (கடைகளில் இதைத்தான் லவ் பேர்ட்ஸ் என்பார்கள்), காக்டெயில், ஆப்பிரிக்கன் லவ் பேர்ட், ஃபின்ச் போன்றவை பரவலாகக் கிடைக்கின்றன. மக்காவ், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி போன்ற பெரிய வகைகளை அரசிடம் பதிவு செய்ய வேண்டும். அவை பல பத்தாண்டுகள் வாழக்கூடியவை. முதன்முதலில் வளர்ப்பவர் அவற்றின் பக்கம் போக வேண்டாம். முதல் அனுபவத்துக்குப் பட்ஜியே போதும். இனிச் சொல்லப்போகும் விவரங்களையும் பட்ஜியை மனத்தில் வைத்தே சொல்கிறோம்.

வாங்கும் முன் ஒரு மாதப் பயிற்சி

இன்றைக்கே கடைக்குப் போகாதீர்கள். ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள். அந்த மாதத்தில் பறவை வீட்டில் இருப்பதாகவே எண்ணி அதன் வேலைகளைச் செய்யுங்கள்.

ஃபஜ்ர் தொழுதவுடன் ஒரு சிறு கிண்ணத்தைக் கழுவித் தண்ணீர் மாற்றி வையுங்கள். ஒரு பழைய தட்டில் செய்தித்தாளை விரித்து, தினமும் அதை மாற்றுங்கள். மாலையில் பள்ளியோ டியூஷனோ முடிந்து வந்ததும் அரை மணி நேரம் ஒரே இடத்தில், போனைத் தொடாமல் உட்காருங்கள். பறவையோடு பழக வேண்டிய நேரம் அது. மஃக்ரிபுக்குப் பிறகு மறுபடி தண்ணீரைப் பாருங்கள். ஒவ்வொரு நாளும் செய்தீர்களா இல்லையா என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

மாதம் முடிந்ததும் நோட்டைத் திறந்து பாருங்கள். விட்டுப்போன நாட்கள் எத்தனை? அத்தனை நாளும் உங்கள் பறவை அழுக்குத் தண்ணீரைக் குடித்திருக்கும், அல்லது தண்ணீரே இல்லாமல் கிடந்திருக்கும். விட்டுப்போன நாட்கள் பல என்றால் இன்னும் ஒரு மாதம் பழகுங்கள். இதில் வெட்கப்பட எதுவுமில்லை. சுமக்க முடியாத அமானிதத்தை ஏற்றுக்கொள்வதை விடத் தள்ளிப்போடுவது மேல்.

இந்த மாதத்திலேயே மூன்று காரியங்களை முடித்துக்கொள்ளுங்கள். ஒன்று, தாய் தந்தையரின் மனப்பூர்வமான சம்மதம். நீங்கள் இல்லாத நேரத்தில் கவனிக்கப்போவது உங்கள் உம்மாதான். இரண்டு, செலவுக் கணக்கு. பறவை மலிவு. கூண்டு, மாதாமாதம் தீனி, மருத்துவம் ஆகியவையே செலவு. உங்கள் கைச்செலவுக் காசிலிருந்து எவ்வளவு ஒதுக்க முடியும் என்று எழுதிப் பாருங்கள். மூன்று, மருத்துவர். எல்லாக் கால்நடை மருத்துவர்களும் பறவைகளைப் பார்ப்பதில்லை. உங்கள் ஊர் அரசு கால்நடை மருத்துவமனையில் முன்கூட்டியே விசாரித்து, பறவை பார்ப்பவரின் பெயரையும் எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நோய் வந்த பிறகு தேடினால் நேரம் போதாது.

வீட்டைத் தயார் செய்தல்

கூண்டு உயரமாக இருப்பதை விட நீளமாக இருப்பது நல்லது. பறவை பக்கவாட்டில்தான் பறக்கும். ஒரு ஜோடி பட்ஜிக்கு நீளம் குறைந்தது இரண்டரை அடி, அகலமும் உயரமும் ஒன்றரை அடி இருக்கட்டும். கம்பி இடைவெளி அரை அங்குலத்தைத் தாண்டினால் தலை சிக்கிக்கொள்ளும். துருப்பிடித்த கூண்டும், பூச்சு உரியும் கூண்டும் வேண்டாம். அது கம்பியைக் கடித்துக்கொண்டே இருக்கும். உலோகத் துகள் வயிற்றுக்குள் போனால் நஞ்சாகும்.

உட்காருவதற்குக் கடையில் தரும் ஒரே தடிமனுள்ள குச்சி மட்டும் போதாது. கொய்யாக் கிளையோ வேப்பங்கிளையோ வெட்டி, கழுவிக் காயவைத்துப் பொருத்துங்கள். தடிமன் மாறி மாறி இருந்தால்தான் பாதத்தில் புண் வராது. கடைக்காரர் சிறு மண்பானையையும் சேர்த்துக் கொடுப்பார். குஞ்சு பொரிக்க வைக்கும் எண்ணம் இல்லையென்றால் அதைக் கட்ட வேண்டாம். பானையைப் பார்த்தால் முட்டையிடத் தொடங்கிவிடும். பொரிந்து வரும் குஞ்சுகளுக்கும் நீங்களே பொறுப்பாளி.

ஒன்று வாங்குவதா, இரண்டா? பட்ஜி கூட்டமாக வாழும் பறவை. நாள் முழுவதும் நீங்கள் பள்ளியில் இருந்தால் ஒற்றைப் பறவை தனிமையில் வாடும். இரண்டாக வாங்குங்கள். சுறுசுறுப்பாக, கண் தெளிவாக, வால் அடிப்பகுதி சுத்தமாக இருக்கும் பறவையைப் பார்த்து எடுங்கள். மூலையில் இறகை உப்பிக்கொண்டு தூங்கி வழிவதைப் பரிதாபப்பட்டு வாங்கினால் முதல் வாரமே மருத்துவமனைக்கு ஓட வேண்டியிருக்கும்.

கூண்டை எங்கே வைப்பது? சமையலறையில் வைக்கவே கூடாது. நான்ஸ்டிக் பாத்திரம் அளவுக்கு மீறிச் சூடேறினால் வரும் புகை, நமக்கு வாசனை தெரியாத நிலையிலும் பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். பறவையின் நுரையீரல் காற்றை நம்முடையதை விட வேகமாக உறிஞ்சுவதால் நஞ்சும் வேகமாக ஏறும். பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் விஷவாயுவைக் கண்டறிய 1986 வரை கேனரிப் பறவைகளை வைத்திருந்தது இதனால்தான். நம் வீடுகளில் வியாழன் பின்னேரமும் ஜும்ஆ நாளிலும் சாம்பிராணி போடுவோம், ஊதுபத்தி ஏற்றுவோம். இரவில் கொசுவர்த்தி எரியும். இவற்றின் புகை எட்டாத, காற்றோட்டமுள்ள அறையாகப் பாருங்கள்.

நேர் வெயில் விழும் பால்கனியும் ஆகாது. அலகைத் திறந்து மூச்சு வாங்கி, சிறகை உடம்பிலிருந்து விலக்கி வைத்திருந்தால் சூடு தாங்கவில்லை என்று அர்த்தம். உடனே நிழலுக்கு மாற்றுங்கள். பூனை, எலி, எறும்பு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். கூண்டைத் திறந்து அறைக்குள் பறக்கவிடும்போது சீலிங் ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, நிலைக்கண்ணாடியைத் துணியால் மூடிவிடுங்கள். ஓடும் மின்விசிறியில் அடிபட்டுச் சாகும் பறவைகள் நம் ஊரில் ஏராளம்.

அதற்கு 10 முதல் 12 மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும். நள்ளிரவு வரை டிவி ஓடும் ஹாலில் அது எப்படித் தூங்கும்? ரமலானில் நாம் ஸஹருக்கு எழுந்து விளக்கைப் போடுவோம். கூண்டின் மேல் காற்றுப் புகும் பருத்தித் துணியைப் போர்த்தி வையுங்கள். நாம் நோன்பு நோற்கும் பகலிலும் அதன் கிண்ணத்தை நிரப்புவது நம் கடமை.

உமி ஏமாற்றும்

பறவை வளர்ப்பில் புதியவர்கள் கவனிக்கத் தவறும் விஷயம் ஒன்று உண்டு. பட்ஜி தினையைத் தோலுரித்துத் தின்னும். உமியை அதே கிண்ணத்தில் போட்டுவிடும். மாலையில் எட்டிப் பார்த்தால் கிண்ணம் நிறைந்திருப்பதுபோல் தெரியும். உள்ளே இருப்பது வெறும் உமி. "காலையில் வைத்த தீனியே இன்னும் தீரவில்லை" என்று நீங்கள் போய்விடுவீர்கள். அது பட்டினி கிடக்கும். சின்னஞ்சிறு உடம்பு. ஒரு நாள், இரண்டு நாள் உணவில்லாமல் இருந்தாலே உயிர் போய்விடும். தினமும் கிண்ணத்தை எடுத்து உமியை ஊதித் தள்ளி, கையால் தொட்டுப் பாருங்கள். வேண்டுமென்றே பட்டினி போடாவிட்டாலும், பார்க்காமல் விட்டதால் பட்டினி கிடந்தால் அதற்கும் நாமே பொறுப்பு.

தினை, சாமை போன்ற தானியம் மட்டுமே கொடுத்தால் கொழுப்பு கூடி ஈரல் கெடும். வைட்டமின் ஏ குறையும். கொத்தமல்லி, முருங்கைக்கீரை, கேரட் துருவல் ஆகியவற்றை நன்றாகக் கழுவிச் சிறிதளவு தினமும் வையுங்கள். மீதியை ஓரிரு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓட்டைக் கம்பியில் மாட்டுங்கள். தண்ணீர் காலையும் மாலையும் புதிதாக இருக்கட்டும். அவகாடோ, சாக்லேட், காபி, தேநீர் ஆகியவை அதற்கு விஷம். மிக்சர், சிப்ஸ் போன்ற உப்புப் பண்டங்களையும் விருந்தாளிப் பிள்ளைகள் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நோயை மறைக்கும் உயிரினம்

காட்டில் நோயுற்ற பறவையை எதிரி முதலில் குறிவைக்கும். ஆகவே முடிந்தவரை நோயைக் காட்டிக்கொள்ளாத இயல்பை அல்லாஹ் அதற்குக் கொடுத்திருக்கிறான். நம் கண்ணுக்குத் தெரியும்போது நோய் முற்றியிருக்கும். பகலிலும் இறகை உப்பிக்கொண்டு உட்காருவது, கூண்டின் தரையில் இறங்கி இருப்பது, மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடுவது, எச்சத்தின் நிறமும் தன்மையும் மாறுவது, குரல் அடங்குவது ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள். இணையத்தில் பார்த்து மனிதர்களின் மாத்திரையைக் கரைத்துக் கொடுக்காதீர்கள்.

ஒரு அன்சாரித் தோழரின் தோட்டத்தில் நபி (ஸல்) அவர்களைக் கண்ட ஒட்டகம் முனகிக் கண்ணீர் வடித்ததை அபூதாவூதில் படிக்கிறோம். நபியவர்கள் அதைத் தடவிக் கொடுத்து, உரிமையாளரை அழைத்து, அல்லாஹ் உனக்குச் சொந்தமாக்கிய இந்தப் பிராணியின் விஷயத்தில் அவனை அஞ்ச மாட்டாயா என்று கண்டித்தார்கள். அதைப் பட்டினி போட்டு அளவுக்கு மீறி வேலை வாங்குவதாக அது முறையிட்டதாம். உங்கள் பறவைக்காக முறையிட அப்படி ஒருவர் உங்கள் வீட்டு வாசலுக்கு வரப்போவதில்லை. அதன் முறையீடு நேராக அல்லாஹ்விடம் போகும்.

தூய்மையும் தொழுகையும்

பறவையின் எச்சம் காய்ந்து தூசியாகும்போது அதன் வழியாகச் சிட்டகோசிஸ் என்ற நோய் மனிதருக்கும் தொற்றலாம். கூண்டைச் சுத்தம் செய்யும்போது காய்ந்த எச்சத்தைப் பெருக்காதீர்கள். தண்ணீர் தெளித்து ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் பறவை வாங்கும் முன்பே மருத்துவரைக் கேளுங்கள். காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தால், வீட்டில் பறவை இருப்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

ஷாஃபிஈ மத்ஹபில் பறவைகளின் எச்சம் நஜீஸ். ஹனஃபி மத்ஹபில் புறா, சிட்டுக்குருவி போன்றவற்றின் எச்சம் நஜீஸாகக் கருதப்படுவதில்லை. உங்கள் பறவையின் சட்டத்தை உங்கள் மஹல்லா ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். எப்படியானாலும் தொழும் இடத்தையும் முஸல்லாவையும் கூண்டிலிருந்து தள்ளி வைப்பதே பேணுதல்.

பறவை மீதுள்ள மோகம் தொழுகையைத் தின்றுவிடக் கூடாது. மொட்டை மாடியில் புறா விடும் சில இளைஞர்களுக்கு அஸர் போவதும் தெரிவதில்லை, மஃக்ரிப் போவதும் தெரிவதில்லை. அதில் பந்தயப் பணமும் சேர்ந்தால் சூதாட்டமாகி ஹராம் ஆகிவிடும். பறவையை உயிருள்ள பொருளாக மதிக்காத விளையாட்டு எதுவும் நமக்குரியதல்ல. ஒரு பறவையைக் கட்டி வைத்து அம்பெறிந்து விளையாடிய குறைஷி இளைஞர்களைக் கண்டபோது, உயிருள்ளதை இலக்காக்குபவரை நபி (ஸல்) அவர்கள் சபித்துள்ளதாக இப்னு உமர் (ரலி) அவர்கள் எச்சரித்தார்கள். இது முஸ்லிமில் பதிவாகியுள்ளது.

ஊருக்குப் போகும்போது

பெருநாளுக்கு ஊருக்குப் போகிறோம். கல்யாணத்துக்கு நான்கு நாள் போகிறோம். கிண்ணம் நிறையத் தீனி கொட்டிவிட்டுப் பூட்டிச் செல்வது பராமரிப்பு ஆகாது. தண்ணீரில் எச்சம் விழும். கிண்ணம் கவிழும். நம்பகமான ஒருவரை முன்பே பழக்கி வையுங்கள். சாவியோடு, என்ன செய்ய வேண்டும் என்று எழுதிய தாளையும் மருத்துவரின் எண்ணையும் கொடுங்கள்.

மேல்படிப்புக்கு வெளியூர் போக நேர்ந்து, வளர்க்க முடியாத நிலை வந்தால் பறக்கவிடாதீர்கள். மேலே சொன்ன தகுதிகள் உள்ள ஒருவரைத் தேடி, கூண்டோடும் தீனியோடும் ஒப்படையுங்கள். அமானிதத்தை உரியவரிடம் சேர்ப்பதும் இபாதத்தே. முழுக் கவனிப்புக்குப் பின்னும் அது இறந்துபோனால், அது அல்லாஹ்வின் நாட்டம். துக்கப்படுவதில் தவறில்லை. அபூ உமைரும் துக்கப்பட்டார்.

கூண்டு இல்லாமலும் நன்மை உண்டு

இவ்வளவையும் படித்துவிட்டு, "என்னால் இப்போது முடியாது" என்று தோன்றுகிறதா? அதுவும் நல்ல முடிவுதான். ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து ஒரு பறவை தின்றால்கூட அது அவருக்குத் தர்மமாக எழுதப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் நற்செய்தி சொன்னார்கள். தாகத்தால் தவித்த நாய்க்குத் தன் காலணியில் நீர் மொண்டு கொடுத்தவருக்கு அல்லாஹ் பாவமன்னிப்பு வழங்கியதையும், உயிருள்ள ஒவ்வொன்றுக்கும் உதவுவதில் கூலி உண்டு என்று அதையொட்டிச் சொன்னதையும் புகாரீயில் காண்கிறோம்.

மாடிச் சுவரில் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள். தினமும் கழுவி மாற்றுங்கள். பக்கத்தில் ஒரு பிடி கம்பையோ அரிசிக் குருணையையோ தூவுங்கள். சித்திரை வெயிலில் சிட்டுக்குருவியும் மைனாவும் கிளியும் தாமாக வரும். வளர்க்கச் சட்டம் தடுக்கும் அதே பச்சைக்கிளியை உங்கள் மாடியிலேயே பார்ப்பீர்கள். தாகம் தீர்ந்ததும் அது பறந்துபோகும். உங்களுக்கு நன்மை எழுதப்பட்டிருக்கும்.

அன்பிற்குரியவர்களே! பூமியில் ஊரும் பிராணிகளும் இரு சிறகுகளால் பறக்கும் பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று அல்குர்ஆன் 6:38 அறிவிக்கிறது. சிறகை விரித்த பறவைகள் அல்லாஹ்வைத் துதிப்பதாகவும், ஒவ்வொன்றும் தன் தொழுகையையும் தஸ்பீஹையும் அறிந்திருப்பதாகவும் 24:41 சொல்கிறது. அல்லாஹ்வை தஸ்பீஹ் செய்யும் ஓர் உயிரைத்தான் நீங்கள் வீட்டுக்கு அழைத்து வரப்போகிறீர்கள். உன் குருவி என்ன ஆயிற்று என்று அபூ உமைரிடம் அன்போடு கேட்கப்பட்டது. அதே கேள்வி மறுமையில் நம்மிடம் கேட்கப்படும்போது நம்மிடம் பதில் இருக்க வேண்டும்.

வல்ல ரஹ்மான் நம் பொறுப்பிலுள்ள ஒவ்வோர் உயிரின் உரிமையையும் நிறைவேற்றும் நன்மக்களாக நம்மையும் நம் பிள்ளைகளையும் ஆக்கி அருள்புரிவானாக! வாயில்லா ஜீவன்களின் முறையீட்டுக்கு ஆளாகாமல் நம் அனைவரையும் பாதுகாப்பானாக! ஆமீன்.